எண்பதுக்கு மேல் சிவப்புக் கோடு

கோபப்படக் கூடாது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அவளுக்கோ சாதாரண நாளிலேயே அது மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இதயத்துக்குள் கம்பி விட்டுச் சுட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்த வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. அம்மாவுக்குக் கோபம் வரும்படி யாரும் எதுவும் பேசக் கூடாது.

டாக்டர் உண்மையில் அவளிடம் சொன்னது வேறு. ஒரு வாரம் கனம் தூக்க வேண்டாம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விட வேண்டாம், தொடையில் ஊசி ஏறிய இடம் வீங்கினால் உடனே வர வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கொஞ்சம் டென்ஷன் இல்லாம பாத்துக்குங்க" என்று அவள் கணவரிடம் சொல்லிவைத்தார். சொன்னவர் அந்த நிமிஷமே மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை.

கேட்டவர் காகித ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். முப்பது வருஷம் நீராவிக் கொதிகலனுக்கு முன்னால் நின்று, மணிக்கொரு தரம் அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதி எழுதியே தலை நரைத்தவர். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அவர் யாரையும் கேட்க மாட்டார், தீயை இறக்கிவிடுவார். கேள்வி எல்லாம் அப்புறம்தான். அப்படி இறக்கியதால்தான் முப்பது வருஷத்தில் ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதைத் தப்பு என்று அவளும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் பாய்லர் இல்லையே.

வீட்டுக்கு வந்த மறுநாளே சமையலறைக் கதவில் ஒரு கட்டம் போட்ட தாள் ஒட்டப்பட்டது. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை நாடித்துடிப்பு. எண்பதுக்கு நேராக ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு. எண்பது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவள் நல்லபடியாக இருந்த காலத்தில் அறுபத்தெட்டு இருக்கும், அதோடு பன்னிரண்டு சேர்த்துக்கொண்டேன் என்றார். பாய்லரிலும் அப்படித்தானாம்.

கல்லூரியில் படிக்கும் மகள் தன் பங்குக்குத் துடிப்பை அளக்கும் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அம்மா மணிக்கட்டில் கட்டிவிட்டாள். துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் அது மகள் போனிலும் அப்பா போனிலும் மணி அடிக்கும். இது போதாதென்று அத்தை போனையும் சேர்த்துவைத்திருந்தாள். ஆக, அவளுக்குக் கோபம் வந்தால் மூன்று போன் அடிக்கும். குழாய் ஒழுகுவதைப் பார்த்து ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், கணவர் ஒரு பக்கமிருந்து, மகள் ஒரு பக்கமிருந்து ஓடிவருவார்கள். இரண்டு நிமிஷத்தில் நாத்தனார் போனில் வந்து, "அண்ணி, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பாள். மனுஷி நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாத வீடாகப் போய்விட்டது.

எல்லாவற்றையும் மறைத்தார்கள். மகள் ஒரு பாடத்தில் தவறியதை மறைத்தார்கள். துவைக்கும் மெஷின் பழுதானதை மறைத்து, துணியை மாடிக்குக் கொண்டுபோய்க் கையால் துவைத்தார்கள். சாவு வீட்டில் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், ஒரே ஒரு காரணத்துக்காக. மூன்று மாதம் முடிந்து டாக்டர் ஒரு காகிதம் தர வேண்டும். அந்தக் காகிதம் கிடைத்தால் அவள் மறுபடி மேலே ஏறலாம்.

மேலே என்றால் நிஜமாகவே மேலே. இரும்புத் தகட்டுச் சுருள்கள் அடுக்கிவைத்த பெரிய கொட்டகை. அதன் கூரைக்கு அடியில், சுவருக்குச் சுவர் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுதான் இருபது வருஷமாக அவள் இடம். இருபத்தெட்டுப் படி வைத்த நெட்டுக்குத்தான இரும்பு ஏணி. தெருவில் அவளைக் கிரேன்காரி என்பார்கள், கொட்டகையில் கிரேன் அக்கா. அவள் தூக்கிய சுருள் ஆடியது என்று யாரும் சொன்னதில்லை.

அங்கே இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர் ஒருவர்தான். ஏற்று, இறக்கு, நகர்த்து என்று அவர் காட்டினால்தான் செல்லும், முதலாளியே வந்து காட்டினாலும் செல்லாது. ஆனால் நிறுத்து என்பது மட்டும் அப்படியில்லை. கையை விரித்து உயர்த்திவிட்டால், அது கூட்டுகிறவராக இருந்தாலும் வழி தெரியாமல் உள்ளே வந்தவராக இருந்தாலும், மேலே இருப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். அந்தக் கை இறங்கும்வரை அசையக் கூடாது. கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது மேலே தெரியாமல் போகலாம் அல்லவா, அதனால்.

இன்னொன்று சாவி. லீவில் போகிறவர் தன் கூண்டுச் சாவியைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவார். மாற்று ஆள் ஃபோர்மேனிடம் இருக்கும் இன்னொரு சாவியை வைத்து ஓட்டிக்கொள்வார். சொந்தச் சாவியைக் கொண்டுவந்து பலகையில் மாட்டிவிட்டால், இனி நான் வரமாட்டேன் என்று அர்த்தம். கடிதம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற சடங்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூண்டில்தான் அது முதல் தடவை வந்தது. நாலு டன் சுருள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி ஆயிற்று. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை. கண் இருட்டியது. சுருளை அங்குலம் அங்குலமாக இறக்கி, மரக்கட்டைமேல் உட்காரவைத்து, பிரேக்கைப் போட்ட பிறகுதான் தலையைக் கீழே வைத்தாள். இடுப்பில் பெல்ட் கட்டி நாலு பேர் இறக்கினார்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்குகின்றன என்றார்கள். அதன்பிறகு மாத்திரை, கொஞ்ச நாள் கீழே லேசான வேலை, இரண்டு தரம் நெஞ்சில் மின்சார அதிர்ச்சி. எதுவும் நிலைக்காமல் கடைசியில் இந்தச் சூடு. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி ஏற்றி, எங்கே தப்பான உத்தரவு கிளம்புகிறதோ அந்த இடத்தைச் சுற்றிச் சுட்டுவிடுவது.

சுட்டு முடித்து ஆறு மணி நேரம் மல்லாந்து கிடந்தபோது டாக்டர் பக்கத்தில் வந்து இரண்டு விஷயம் சொன்னார். சும்மா இருக்கும்போது துடிப்பு முன்னைவிடப் பத்து, இருபது கூடுதலாகச் சில மாதம் இருக்கலாம், அது கோளாறு இல்லை. முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்றிரண்டு தரம் தாளம் தப்பினாலும் தோல்வி என்று கணக்கில்லை, புண் ஆறுகிற காலம். அந்த நேரம் பார்த்துக் கணவர் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவள் இதைக் கரடியாகக் கத்திவிட்டாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, காலை எண்பத்தெட்டு என்று கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் எண்பத்தாறு. அதற்கு அடுத்த நாள் தொண்ணூறு. ஒரு புள்ளிகூடக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு மாலை நிஜமாகவே தாளம் தப்பிற்று. நாற்பது நிமிஷம். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மகள் கேட்க, தலை சுற்றல் இல்லையென்றால் காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தார்கள், தானாக அடங்கியது. கணவர் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அப்படி வரவே இல்லை, அவளும் அதை மறந்துவிட்டாள்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் காகிதம் கிடைத்தது. ஒரு வாரம் நெஞ்சில் ஒட்டியிருந்த கருவி பதிந்துவைத்ததை டாக்டர் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். ஒரு நடுக்கம்கூட இல்லை என்றார். மாத்திரையை மட்டும் விடாதீர்கள், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கணவர் இந்த முறை பக்கத்தில்தான் இருந்தார், காதால் கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினாள். ஈயாடவில்லை.

காரணம் வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கை நீட்டினாள். ஆணி இருந்தது. சாவி இல்லை.

எங்கேயாவது எடுத்துவைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். மகளைக் கேட்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். அந்த வீட்டில் மூன்று மாதமாக எதையாவது மறைக்கும்போதெல்லாம் இப்படித்தான் ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பார், அந்த இன்னொருவர் தண்ணீர் குடிக்கப் போவார்.

"சாவி எங்கேங்க?"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகுதான் சொன்னார், திரும்பிப் பார்க்காமலே. ஏழாம் வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். ஃபோர்மேன் வாங்கிப் பலகையில் மாட்டிவிட்டாராம். புது ஆள் திங்கட்கிழமை வருகிறாராம்.

அடிமடியிலேயே கை வைத்துவிட்டார். தன் சாவி. இருபது வருஷம் கைப்பையில் மற்ற சாவிகளோடு சேராமல் தனியாகச் சுற்றிவைத்திருந்த சாவி. அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, சட்டைப் பையில் போட்டு, பஸ் ஏறிப் போய், இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்து, அன்று மாலையும் அந்தத் தாளில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். கோபம் காலிலிருந்து ஏறியது. மகள் போன் அடித்தது. அவர் போன் அடித்தது. ஒரு நிமிஷம் கழித்து அவள் போனே அடித்தது, நாத்தனார். மகள் வாங்கி, "அத்தை, இப்ப வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்து நின்றது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் செத்தாப் போயிட்டேன்? என் சாவியை எடுத்துக் கொடுக்க நீங்க யாரு?"

"அன்னைக்கு நாப்பது நிமிஷம் நீ அப்படியே உக்காந்திருந்தே" என்றார் அவர். "எதிர்ல உக்காந்து பாத்துட்டிருந்தேன். அது மேல வந்திருந்தா? பூராவும் கோட்டுக்கு மேலதான் இருக்கு. ஒரு நாள்கூட எறங்கல. நான் வேற என்ன பண்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கோபப்படுவே."

"படுவேன்தான். அது என் கோபம். அதையும் எடுத்துப் பலகையில மாட்டிட்டீங்களா?"

மகள் அம்மாவின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். நூற்றுப்பதினாறு. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வருஷமாகக் கோபம் வரும்போதெல்லாம் கூடவே அந்த நெல்லிக்காய் மூட்டையும் அவிழும். கை நடுங்கும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், கோபத்தை விட்டுவிட்டு உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். பாதிக் கோபமாகவே பட்டுப் பட்டு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இப்போது நெஞ்சு வேகமாக அடித்தது. அவ்வளவுதான், ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் முழுக் கோபம் இது.

மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாள். கையை வைத்துப் பாருங்கள் என்றாள். ஆலையில் நீராவிக் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தே உள்ளே சீராக ஓடுகிறதா, திக்கித் திக்கிப் போகிறதா என்று சொல்லக்கூடிய மனுஷர் அவர். அங்கே முள்ளைவிட அந்தக் கையைத்தான் நம்புவார்கள். அந்தக் கை மூன்று மாதமாகப் பேனாவை மட்டும்தான் பிடித்திருந்தது.

அவர் விரலை வைத்தார். உதட்டுக்குள் எண்ணினார்.

"நூத்திப் பதினாறு" என்றார்.

"நம்பரைக் கேக்கல. எப்படி அடிக்குது?"

அவர் மறுபடியும் விரலை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கையை எடுக்கவிடாமல் நின்றாள்.

"சீரா இருக்கு" என்றார் கடைசியில்.

"வண்டியை எடுங்க" என்றாள்.

கொட்டகைக்குப் போகிற வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனாள். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு சேர்த்துத் திட்டினாள். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஃபோர்மேன் வளவளவென்று பேசாத ஆள். காகிதத்தைப் படித்தார், அவளைப் பார்த்தார், பலகையில் தொங்கிய சாவியைப் பார்த்தார். மாட்டியது மாட்டியதுதான், திங்கட்கிழமை ஆள் வருகிறது என்றார். மாட்டியது என் கை இல்லை என்றாள் அவள். ஃபோர்மேன் கணவர் பக்கம் திரும்பினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்குத் தெரியாமல் தான் கொண்டுவந்து கொடுத்ததாகவும், தப்புதான் என்றும், நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அதைச் சொல்வதற்கு அவர் எவ்வளவு கூசினார் என்பது காது சிவந்ததில் தெரிந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

ஃபோர்மேன் காகிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். மூன்று மாதம் ஏறாதவர் ஒரு தரம் தூக்கிக் காட்ட வேண்டும், அது யாருக்கும் உள்ள விதிதான் என்றார். நாலு டன் சுருள் ஒன்றை ஆடாமல் எடுத்து, ஆடாமல் அந்தக் கடைசி வரிசையில் வைக்க வேண்டும். வைத்தால் சாவி அவளுடையது, திங்கட்கிழமை ஆளுக்கு வேறு இடம் பார்க்கலாம். ஆடினால் பேச்சே இல்லை.

ஏணிக்கடியில் நின்று கடிகாரத்தைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். "இதை நீங்களே வச்சுக்குங்க" என்றாள். பிறகு ஏறினாள். பத்தாம் படியில் மூச்சு வாங்கியது, நின்றாள். மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்த உடம்பு, வாங்காமல் என்ன செய்யும். பதினெட்டில் இன்னொரு தரம் நின்றாள். நெஞ்சு வேகமாக, சீராக அடித்தது. இருபத்தெட்டு. கூண்டுக்குள் நாற்காலி யாரோ நெட்டையான ஆளுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. அதை இழுத்துத் தன் அளவுக்குக் கொண்டுவந்தாள், அதற்கும் ஒரு திட்டு.

கீழே சைகைக்காரர் தன் இடத்தில் நின்றார். பதினைந்து வருஷமாக அவளுக்குக் கை காட்டுகிறவர், தம்பி முறை சொல்லி அக்கா என்று கூப்பிடுகிறவர். கொக்கியை மாட்டிவிட்டு விலகி வந்து விரலை மேலே சுழற்றினார். அவள் கிரேனை ஓட்டும் பிடியைத் தொட்டாள். கம்பி விறைத்தது, சுருள் கட்டையை விட்டு எழும்பியது. ஒரு முழம், இரண்டு முழம்.

கீழே, வேடிக்கை பார்ப்பவர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது.

கணவரின் கை. விரல் எல்லாம் விரிந்திருந்தது. இன்னொரு கையில் அந்தக் கடிகாரம், அதில் இப்போது எந்த எண்ணும் இருக்காது. மனைவி அந்தரத்தில், அவள் கையில் நாலு டன் இரும்பு. மனுஷர் தன்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டார்.

அவள் நிறுத்தினாள். நிறுத்தத்தான் வேண்டும். சுருள் இரண்டு முழ உயரத்தில் அசையாமல் நின்றது. ஃபோர்மேன் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். கத்தினால் கீழே கேட்காது. கேட்டிருந்தால் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இருபது வருஷமாக யார் யார் கைக்கோ நின்றிருக்கிறாள், அவர்கள் அவளுக்குத் தெரியாத எதையோ பார்த்தார்கள் என்பதால். இந்த மனுஷர் எதைப் பார்த்தார்? இந்த மூன்று மாதமும் இதே கையைத்தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் கதவுக்குப் பின்னால், தாளில், சட்டைப் பையில். இப்போதுதான் எல்லாரும் பார்க்கத் தூக்கியிருக்கிறார்.

சைகைக்காரர் அவர் பக்கத்தில் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று சாயங்காலம் சைகைக்காரரே வந்து சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. "மாமா, கையை எறக்குங்க. நீங்க எறக்குற வரைக்கும் அக்கா அசைய மாட்டாங்க."

கணவர் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். அவள் கண்ணாடி வழியாக அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். பிடியில் இருந்த கை நடுங்கவில்லை, நெஞ்சு தப்பவில்லை. இரண்டையும் அவர் அங்கிருந்து பார்க்க முடியாது. பார்க்காமலேதான் இறக்க வேண்டும்.

கை தோளுக்கு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு இடுப்புக்கு வந்தது. முழுதாகத் தொங்கும்வரை அவள் காத்திருந்தாள். சைகைக்காரர் தன் இடத்துக்குத் திரும்பி விரலைச் சுழற்றினார்.

கணவர்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதோடேயே சுருளை ஏற்றினாள். அது ஆடவில்லை.